பதின்மூன்று பேர் குடித்த சூப்

அந்தச் சுகாதார அலுவலகத்தில் முன்பெல்லாம் ஒரு தொற்றுநோயை விசாரித்து முடிப்பதற்குள் நோயே சலித்துப்போய் ஊரை விட்டுக் கிளம்பிவிடும். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்று மருத்துவமனையிலிருந்து சீட்டு வந்தால், அது வரவேற்பு மேசையில் ஒரு வாரம் இளைப்பாறும். பிறகு மாடிக்கு ஏறும். மாடியில் மூன்று கையெழுத்து. மூன்றாவது கையெழுத்துக்காரர் விடுப்பில் இருந்தால் மறுபடி இறங்கும். அறுபத்துநான்கு பக்கப் படிவம் ஒன்று உண்டு, அதன் நாற்பதாவது பக்கத்தில் "நோயாளி இன்னும் நோயாளியாகத்தான் இருக்கிறாரா?" என்று ஒரு கேள்வியே இருந்தது. ஒருமுறை ஒருவர் காய்ச்சலில் படுத்து, தேறி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் அதே கிணற்றுத் தண்ணீரால் அதே காய்ச்சல் வந்தபோது, காகிதம் மிச்சம் என்று அப்பாவின் கோப்பிலேயே பிள்ளையையும் சேர்த்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஒழித்துக்கட்ட வந்தவர்தான் புதிய துணை இயக்குநர். எதையும் சுருக்குவதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு பிரியம். சட்டைக்கு ஏழு பொத்தான் எதற்கு, நாலு போதும் என்று தையல்காரரிடம் சண்டை போட்டவர். யாராவது வணக்கம் சொன்னால் பாதியிலேயே "சரி" என்று விடுவார். அலுவலகத்தார் அவருக்குச் 'சுருக்கம்' என்று பெயர் வைத்தார்கள். அதைவிடச் சின்னப் பெயர் கிடைக்கவில்லையே என்பது ஒன்றுதான் அவர்கள் குறை.

சுருக்கம் வந்த மூன்றாம் மாதம் அறுபத்துநான்கு பக்கம் ஒன்பது கேள்வியாயிற்று. மூன்று கையெழுத்து பூஜ்யமாயிற்று. ஆய்வாளர்கள் கையில் ஆளுக்கொரு தொடுதிரை டேப் வந்தது. பதில்களை அதில் தட்டினால் போதும். 'விரைவு' என்ற கணினிச் செயலி எல்லாப் பதில்களிலும் பொதுவாக இருப்பது எது என்று தானே கண்டுபிடித்து, தானே உத்தரவு போட்டு, தானே நகலும் அனுப்பிவிடும். மொத்தம் எழுபத்திரண்டு மணி நேரம். நடுவில் மனிதக் கை கிடையாது. மனித மூளையும் கிடையாது என்பதைச் சுருக்கம் சொல்லவில்லை, சுற்றறிக்கையில் இடம் போதவில்லை. செயலிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'அவசரக்குடுக்கை'.

கடைசியாக ஒரு வெட்டு வெட்டினார் பாருங்கள், அதுதான் வினையாயிற்று. ஆய்வாளர்கள் ஏன் ஊர் சுற்ற வேண்டும்? கிழக்குக் கோடிக்காரர் மேற்குக் கோடிக்குப் போவதும், மேற்குக்காரர் கிழக்குக்கு வருவதும் என்ன கூத்து? இனிமேல் அவரவர் தெருவை அவரவர் விசாரிக்கட்டும். பெட்ரோல் மிச்சம், செருப்பு மிச்சம், நேரம் மிச்சம்.

பழைய ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் மனிதர்கள் தங்கள் குடும்ப ரகசியத்தையெல்லாம் கொட்டிவிடுவார்கள் அல்லவா, அதுபோல அடுத்த கோடியிலிருந்து வந்த ஆய்வாளரிடமும் கொட்டிவிடுவார்கள். எங்கே தின்றோம், யாரோடு தின்றோம், வீட்டுக்குத் தெரியாமல் எத்தனை தரம் தின்றோம், எல்லாம். அந்த ஆள் அதோடு போய்விடுவார். நாளைக்குக் குழாயடியில் வந்து நிற்கமாட்டார்.

நம் கதாநாயகி பதினேழு வருஷமாக அப்படித்தான் அடுத்த கோடிக்குப் போய் ஊரார் வயிற்று ரகசியங்களைச் சுமந்துகொண்டு வந்தவள். அவளைத் தெருவே 'இன்ஸ்பெக்டரம்மா' என்று கூப்பிடும். மாமனாரும் அப்படித்தான். சிலர் அவளைக் கண்டால் பழக்கதோஷத்தில் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு அப்புறம்தான் சிரிப்பார்கள்.

மாமனாரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நானூறு மாணவர் விடுதி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு 'மாஸ்டர்'. வீட்டுச் சமையல் முழுக்க அவர் ராஜ்யம். மருமகள் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்க வேண்டுமென்றாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவாள். ஒரு காலத்தில் அவர் கைமணத்துக்கு விடுதியை விட்டுப் போக மனமில்லாமல் மூன்று பேர் வேண்டுமென்றே தேர்வில் கோட்டை விட்டார்கள் என்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மகனுக்கு இரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார். மாஸ்டர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்ல. உப்பை ஒழித்தார். எண்ணெயை ஒழித்தார். காரத்தை ஒழித்தார். கடைசியில் மிஞ்சியது ஒரு பூசணிக்காய் சூப். தண்ணீருக்கும் அதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: தண்ணீருக்கு ருசி உண்டு. அந்த சூப்பை அவர் வீட்டோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. தெருவே ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று சாயங்காலம்தோறும் வீட்டுக்கு ஒரு கிண்ணமாகப் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பதினோரு வீட்டுக்காரர்களும் "அமிர்தம் மாஸ்டர், அமிர்தம்!" என்று கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் ரோஜாச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்ததன் காரணத்தை எந்த விவசாய அதிகாரியும் ஆராயவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நோய் வந்தது. வாந்தி, பேதி, காய்ச்சல், வயிற்றைப் பிசைகிற வலி. இரண்டே நாளில் முப்பத்தொரு பேர். மூட்டை முடிச்சோடு கழிப்பறையில் குடியேறியவர்கள் கணக்கில் வரவில்லை. அவளுடைய தெருவில் மட்டும் பதினோரு வீட்டில் பதினோரு பேர். அவள் வீட்டில் இரண்டு, புருஷனும் பன்னிரண்டு வயது மகளும்.

அவள் டேப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். முதல் வீடு தலைமையாசிரியை. பள்ளிக்கு வெளிச்சாப்பாடு கொண்டுவந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு வறுத்தெடுக்கிற அம்மாள். போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

"நாலாவது கேள்வி டீச்சர். மூணு நாளா எங்கே, என்ன சாப்பிட்டீங்க?"

"நான் வெளிய சாப்பிடுவேனா? நீயே சொல்லு! வீட்டுச் சாப்பாடுதான்." சொல்லிவிட்டு ஆய்வாளர் முகத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு முகம். வெறுமனே விட மனம் வரவில்லை. "அப்புறம் உங்க மாமனார் குடுத்துவிட்ட சூப். அதையும் எழுதிக்கோம்மா. வாய்க்கு அதான் பிடிச்சுது."

அடுத்தது உடற்பயிற்சிக்கூடம் வைத்திருப்பவர். தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'தண்டால்'. அவித்த கோழியும் அவித்த முட்டையும் தவிர எதுவும் தொடமாட்டேன் என்று சுவரில் தன் படத்தோடு எழுதி ஒட்டியிருப்பவர். இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.

"அவிச்சதுதான் மேடம். அப்புறம் மாஸ்டர் சூப். ஒரு சொட்டு விடல."

அதற்கடுத்த வீட்டுப் பல் டாக்டரும் அப்படியே. பொய்க்குத் தனியாக நிற்கக் கால் வராது; பக்கத்தில் சாய ஒரு சுவர் வேண்டும். அந்தத் தெருவில் எல்லாருக்கும் கைக்கு எட்டின சுவர் மாஸ்டரின் சூப். கேட்கிறவள் அவர் மருமகள் ஆயிற்றே, நாலு நல்ல வார்த்தை சொன்னது போலவும் ஆகும். அவளும் பூரித்துப்போய்ப் பதினோரு தரம் "பூசணி சூப்" என்று தட்டினாள். மாமாவுக்கு ஊரில் இவ்வளவு மதிப்பா என்று கண் கலங்கியது வேறு.

கடைசியாகத் தன் வீடு. புருஷன் கட்டிலில் வாழைத்தண்டாகக் கிடந்தான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. அறை வாசலில் கரண்டியோடு மாஸ்டர் நின்றிருந்தார்.

"நோயாளி பெயர்?"

"ஏய், விளையாடறியா?"

"முதல் கேள்விங்க அது. சொல்லுங்க." சொன்னான். "நாலாவது. மூணு நாளா எங்கே சாப்பிட்டீங்க?"

அவன் கண் ஒரு நொடி வாசல் பக்கம் போயிற்று. கரண்டியைப் பார்த்தது. கரண்டிக்குப் பின்னால் இருந்த எழுபது வயது முகத்தைப் பார்த்தது.

"அப்பா சமையல்தான். வேற என்ன?"

"எனக்கும் அதேதான்மா," என்றாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து மகள், யாரும் கேட்பதற்கு முன்பே.

வியாழக்கிழமை காலை அவசரக்குடுக்கை தீர்ப்புச் சொன்னது. முப்பத்தொரு பேரில் பதினெட்டுப் பேர் 'வீடு' என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவரவர் தெரு ஆய்வாளரிடம்தானே சொன்னார்கள், வேறென்ன சொல்வார்கள்? பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட பண்டம் ஊர் முழுக்க ஒன்றே ஒன்று. பதின்மூன்று பேர் குடித்த பூசணி சூப். உத்தரவு அவளுடைய டேப்பிலேயே வந்து விழுந்தது: நோயின் மூலம் கண்டறியப்பட்டது. மேற்படி சமையலறைக்கு வெள்ளி காலை பத்து மணிக்கு முத்திரை. வாசலில் முப்பது நாள் அறிவிப்புப் பலகை. மேற்படி சமையல்காரர் ஆயுளுக்கும் உணவைக் கையாளத் தடை. பொதுமக்கள் ஒரு வார காலம் வீட்டுச் சமையலைக் கூடியவரை தவிர்க்கவும்.

அவள் படியேறிய வேகத்தில் அலுவலக மாடி அதிர்ந்தது.

"சார், இது எங்க வீடு!"

"தெரியும்," என்றார் சுருக்கம். "அதான் ஆள் அனுப்பறது சுலபம். ரெண்டு தெரு."

"எங்க மாமா சூப்ல நோய் வராது சார். அதுல கிருமி உசிரோட இருக்கவே ஒண்ணும் கிடையாது. கிருமிக்கும் பசிக்கும்ல?"

"பதில் யார் போட்டது?"

"நான்தான்."

"தப்பாப் போட்டீங்களா?"

"அவங்க சொன்னதத்தான் போட்டேன்."

"அப்போ சரி." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பதின்மூணுல பாதிக்கு மேல, ஏழு பேர், பதிலை மாத்தினா செயலி மறுபடி கணக்குப் போடும். முத்திரை விழறதுக்குள்ள. விழுந்துட்டா கோப்பு மூடிடும். மூடின கோப்பைத் திறக்கற பொத்தான் முன்னாடி இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்."

"எதுக்கு சார்?"

"இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு."

அவள் அன்று மாலையே பதினோரு வீட்டுக் கதவையும் மறுபடி தட்டினாள். "உண்மையச் சொல்லுங்க, வேற எங்கயும் சாப்பிடலியா?" என்றாள். கேட்ட கேள்வியே தப்பு. ஒருமுறை பொய் சொன்னவரிடம் உண்மையைச் சொல் என்றால் அவர் பொய்க்கு இன்னும் இரண்டு ஆணி அடிப்பாரே தவிரப் பிடுங்கமாட்டார். தண்டால் தன் அம்மா மேல் சத்தியம் செய்தார். தலைமையாசிரியை அழுதே விட்டார். போதாக்குறைக்கு எல்லாரும் இப்போது சூப்பை இரண்டு கிண்ணமாக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்து வந்தபோது சமையலறையில் பாத்திரமெல்லாம் கவிழ்ந்து கிடந்தன. மாஸ்டர் சாம்பலும் வெந்நீருமாக விடியற்காலையிலிருந்து தேய்த்திருக்கிறார். அண்டாவில் முகம் தெரிந்தது. அந்த முகம்தான் சரியில்லை.

"மாமா, காபி?"

"நீ போட்டுக்கோம்மா. நான் அடுப்புப் பக்கம் வரல." கைகளை முன்னால் நீட்டி ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "முப்பத்தஞ்சு வருஷம். நானூறு புள்ளைங்க. ஒருத்தனுக்கு வயிறு கடுத்ததில்ல. கடைசியில சொந்தப் புள்ளைக்கும் பேத்திக்கும் வெஷம் வச்சிருக்கேன்."

"மாமா, அது கம்ப்யூட்டர் சொல்றது."

"நீதானம்மா எழுதின?"



பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முத்திரைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பருமன், ஒருவர் மெலிவு. பருமனானவர் கையில் அரக்கும் சிவப்பு நாடாவும். மெலிந்தவர் கையில் பலகை. அதில் 'நோயின் மூலம்' என்று தடித்த எழுத்து. வாசலில் தெருவே கூடியது. பதினோரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

மாஸ்டர் தானே எழுந்து வழிவிட்டார். "வாங்கய்யா. வைங்க. நான் பண்ணின பாவத்துக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைப் பருமனானவர் கையில் கொடுத்தார். போரில் தோற்றவன் வாளை ஒப்படைப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார். பருமனானவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் செருகப் பார்த்தார்.

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். வேட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

"அப்பா, நிறுத்துங்க. உங்க சூப்பை நான் குடிக்கல."

"என்னடா?"

"திங்கக்கிழமை குடிக்கல. போன மாசம் குடிக்கல. ஒரு வருஷமாவே…" அவன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டான். "ரவுண்டானா பக்கத்துல ஒரு வேன் நிக்குதுப்பா. பொரிச்ச கோழி. கூட ஒரு வெள்ளைச் சாஸ் தருவான். பயிற்சி வண்டிய அங்கதான் கொண்டுபோய் நிறுத்துவேன். பாப்பாவையும் பள்ளிக்கூடத்துலேருந்து அப்படியே…"

அந்த ஊரில் அந்த ஒரு வருஷத்தில் ஓட்டுநர் உரிமம் வாங்கியவர்கள் எல்லாருக்கும் வேறு எங்கேயும் வண்டியைத் திருப்ப வராது, ரவுண்டானா வேன் ஓரத்தில் மட்டும் பின்னோக்கி அம்பாக நுழைப்பார்கள் என்று பேச்சு இருந்தது. காரணம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பதினேழு வருஷம் ஊரார் வயிற்றைத் துருவினவளுக்கு வீட்டுக்காரன் வயிறு தெரியவில்லை. அவளுக்கு வந்த கோபத்தில் டேப்பாலேயே அவன் தலையில் ஒன்று போட்டிருப்பாள். அரசாங்கச் சொத்து என்று விட்டாள்.

எல்லாரும் மாஸ்டர் உடைந்துபோவார் என்று பார்த்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"வெள்ளைச் சாஸா? எதுல பண்றான்?"

"முட்டையும் எண்ணெயும்…"

"வேகவச்ச முட்டையா, பச்சையா?"

"பச்சைதான்பா."

"எதுல வச்சிருக்கான்?"

"வாளியில."

"வெயில்லயா?"

"வேன் மேல."

"மூடி வச்சிருந்தானா?"

புருஷன் யோசித்தான். "ஈ மூடியிருந்துச்சுப்பா."

மாஸ்டர் கையை நீட்டினார். பருமனானவர் மறுபேச்சில்லாமல் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டு," என்றாள் அவள் மெதுவாக. "உங்களையும் பாப்பாவையும் மாத்தினா ரெண்டு. இன்னும் அஞ்சு பேர் வேணும்."

"மணி பத்தாச்சு மேடம்," என்றார் மெலிந்தவர், பலகைக்கு ஆணி தேடிக்கொண்டே.

பதினேழு வருஷம் படிவங்களோடு குடும்பம் நடத்தியதில் ஒரு லாபம் உண்டு. விதிகள் தூக்கத்திலும் ஞாபகம் வரும். அறுபத்துநான்கு பக்கத்தைச் சுருக்கியபோது சுருக்கம் ஒரு அடிக்குறிப்பை மட்டும் மறந்துபோய் விட்டு வைத்திருந்தார். "விதி பதினெட்டு. அடுப்பு எரியும்போது சமையலறைக்கு முத்திரை வைக்கக் கூடாது. ஒருதடவை அப்படி வச்சு, பாதி வீடு எரிஞ்சு, தீயணைப்புக்காரர் உள்ள போறதுக்கு முத்திரைய உடைக்கலாமான்னு கடிதம் எழுதிக் கேட்டுக்கிட்டு நின்னாங்களே, மறந்துடுச்சா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறக்கவில்லை. கடிதம் கொண்டுபோனது மெலிந்தவர்தான்.

"மாமா, நீங்க வைக்கறதிலேயே ரொம்ப நேரம் பிடிக்கறது எது?"

"ஆட்டெலும்பு சூப். முறையா வச்சா நாலு மணி நேரம்."

"முறையாவே வைங்க."

எதிர் வீட்டிலிருந்து எலும்பு வந்தது, தேய்த்த அண்டா நிமிர்ந்தது, அடுப்பு எரிந்தது. முத்திரைக்காரர்கள் நாற்காலி போட்டு அடுப்பைக் காவல் காத்தார்கள். மாஸ்டர் தீயைக் குறைத்து வைத்துவிட்டு, கரண்டியோடு தெருவில் இறங்கினார். அவள் டேப்போடு பின்னால் ஓடினாள்.

"மாமா, நான் கேக்கறேன். நாலாவது கேள்வியை இப்படி…"

"உன் கேள்வி கெடக்குது. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். என் சூப்பை விட்டுட்டு எம் புள்ளை ஓடற அளவுக்கு அதுல என்னதான் இருந்துச்சு?"

கூட்டம் அதற்குள் கலைந்து அவரவர் வீட்டுக்குள் போயிருந்தது. தலைமையாசிரியை கதவைத் திறந்ததும் மாஸ்டர் கும்பிடு கூடப் போடவில்லை.

"டீச்சர், அந்த வேன்காரன் சாஸ்ல பூண்டு கூடவா, கம்மியா?"

"கம்மிதான் மாஸ்டர். எலுமிச்சைதான் கொஞ்சம் தூக்கலா…"

தலைமையாசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்த வார்த்தையைப் பள்ளிக்கூட மணி அடித்துக்கூட உள்ளே கூப்பிட முடியாது.

"மூணு," என்றாள் அவள், டேப்பைத் தட்டிக்கொண்டே. "டீச்சர், மாத்திடறேன்."

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அந்த எட்டாம் வகுப்புப் பையனைப் போன வாரம்தான் பெஞ்சு மேல நிக்க வச்சேன்."

தண்டால் வீட்டில் மாஸ்டர் வேறு பக்கமாக வந்தார். "என்ன தம்பி, அந்த வேன் கோழி தோல் மொறுமொறுன்னு இருக்காமே. மாவுல அரிசி மாவு கலக்கறானா?"

"சோள மாவு மாஸ்டர்! நான் கேட்டே…" தண்டாலின் புஜமெல்லாம் காற்றுப் போன பலூனாகத் தளர்ந்தது. "சுவத்துல என் படம் இருக்கே மாஸ்டர்."

"படத்தை எவன் கேட்டான்? உனக்கு எத்தனை துண்டு?"

"பதினாலு."

"ஒரு வாரத்துக்கா?"

தண்டால் தரையைப் பார்த்தார். "ஒரு தடவைக்கு."

பல் டாக்டர் கொஞ்சம் நேரம் தாக்குப்பிடித்தார். வேனா, எந்த வேன், ரவுண்டானா எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். மாஸ்டர் பெருமூச்சு விட்டு, "சரி டாக்டர். அந்தச் சாஸ் ஒண்ணும் பெரிசா இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்று திரும்பினார்.

"யார் சொன்னது?" டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ருசி தெரியாதவன் சொல்லியிருப்பான்!"

ஏழாவது ஆள் கிடைத்தபின்னும் மாஸ்டர் நிற்கவில்லை. பதினோரு வீடும் முடித்துத்தான் திரும்பினார். ஒன்பது பேர் உண்மையைக் கக்கினார்கள். ஒருவர் மருந்து மயக்கத்தில் இருந்தார். பதினோராவது வீட்டு அம்மாள் மட்டும், வேனில் வாங்கினது வாஸ்தவம், ஆனால் சூப்பையும் குடித்தது வாஸ்தவம் என்று சாதித்தார். மாஸ்டர் அவரை நெடுநேரம் நன்றியோடு பார்த்தார். தெருவிலேயே அந்த வீட்டில் மட்டும்தான் ரோஜாச் செடி குட்டை என்பதை அவள் கவனித்தாள்.

சேதி அக்கம்பக்கத் தெருக்களுக்கும் பரவியது. மற்ற ஆய்வாளர்களும் அதே பூண்டுக் கேள்வியை எடுத்துக்கொண்டு போனார்கள். பகல் ஒரு மணிக்கு டேப் ஒரு துள்ளு துள்ளியது. அவசரக்குடுக்கை கொஞ்சமும் வெட்கமில்லாமல், நேற்றைய தீர்ப்பைத் தான் சொல்லவே சொல்லாதது போலப் புது உத்தரவு போட்டிருந்தது: நோயின் மூலம், ரவுண்டானா வேன், வெள்ளைச் சாஸ். உடனே முத்திரை.

அவள் ஓடிவந்து முத்திரைக்காரர்களிடம் காட்டினாள். மெலிந்தவர் பலகையைத் தூக்கிக்கொண்டார். பருமனானவர் எழுந்திருக்கவில்லை. அவர் முகம் அரக்கு நிறத்திலிருந்து சுண்ணாம்பு நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்னண்ணே?"

"நேத்து உத்தரவுல வீட்டுச் சாப்பாடு வேண்டாம்னு போட்டிருந்துச்சே…" என்றார் அவர். "ஆபீஸ்ல எல்லாருக்கும் சேத்து அங்கதான் வாங்கினோம். துணை இயக்குநர்தான், செயலி வெற்றிக்குன்னு விருந்து வச்சார். சாஸ் அவருக்கு ரெண்டு கிண்ணம்."

அவர் கழிப்பறை எங்கே என்று கையால்தான் கேட்டார். வாய் திறக்கப் பயமாக இருந்தது. மெலிந்தவர் தனியாகவே ரவுண்டானாவுக்குப் போனார். வேன்காரர் முத்திரை வைக்க இடம் காட்டி, வாளியைக் கவிழ்த்துவிட்டு, "இவ்வளவு பேர் சாப்பிட்டாங்க, இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து ஒரு வார்த்தை சொல்லலியே சார்!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாராம். சனிக்கிழமையிலிருந்து தெருவில் புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. அலுவலகத்தில் மட்டும் இருபத்தாறு பேர் படுத்தார்கள். சுருக்கம் படுத்த படுக்கையிலேயே ஒரு உத்தரவு போட்டார். இனி ஆய்வாளர்கள் சொந்தத் தெருவை விசாரிக்கக் கூடாது என்று. அந்த உத்தரவில்தான் முதல் தடவையாக அவர் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினார்.

ஆனால் வெள்ளிக்கிழமை பகல் இன்னும் முடியவில்லை. வீடு ஓய்ந்திருந்தது. எலும்பு சூப் முறையாகவே நாலு மணி நேரம் கொதித்து இறங்கியது. மாஸ்டர் இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றை மருமகள் முன்னால் வைத்தார். தானும் உட்கார்ந்தார். அவர் ஊற்றிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்ததை அவள் இந்த வீட்டுக்கு வந்த பதினைந்து வருஷத்தில் பார்த்ததில்லை.

"இன்ஸ்பெக்டரம்மா," என்றார். "தெருவுல பதினோரு பேர். வீட்டுல ரெண்டு. நீ மட்டும் அந்த வேனுக்குப் போகல."

"நான் அந்த வாளியைத் தூரத்துலயே பாத்திருப்பேன் மாமா. என் தொழில் அது."

"அது சரி. நான் கேக்கறது வேற." அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என் சமையல் எப்படி இருக்கு?"

'அமிர்தம்' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இரண்டு வருஷமாகத் தினம் போய்வந்த வழி அதற்குத் தெரியும். காலையிலிருந்து எத்தனை பேர் வாயைப் பிடுங்கினாயிற்று. தன் வாயை என்ன செய்வது? அவள் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"உப்பு இல்ல மாமா."



"டாக்டர்தானே வேண்டாம்னாரு?"

"அவருக்குத்தான் குறைக்கச் சொன்னாரு மாமா. ஒழிக்கச் சொல்லல. எனக்கும் பாப்பாவுக்கும் சொல்லவே இல்ல."

"ரெண்டு வருஷமா சொல்லலியே ஒருத்தரும்!"

"நீங்க கேக்கலியே மாமா."

அவர் எழுந்து மேல் தட்டில் எங்கேயோ பின்னால், பழைய துணியில் சுற்றிவைத்திருந்த உப்பு ஜாடியை எடுத்து வந்தார். இரண்டு வருஷத்தில் உப்பு கல்லாக இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்தார். ஒரு சிட்டிகை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினார்.

உள்ளறையிலிருந்து புருஷன் குரல் வந்தது. "அப்பா, எனக்கும் கொஞ்சம்…"

"நீ பேசாதடா. உனக்கு டாக்டர் சொன்ன அளவு. அளந்து போடறேன், படு."

அவள் ஒரு வாய் குடித்தாள். மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கரண்டி பாதி தூக்கினபடி.

"பொய் சொல்லாம சொல்லு."

"இன்னும் கொஞ்சம் போடலாம், மாமா."

அவர் ஜாடிக்குள் கையை விட்டார்.